லைன் வீடு முதல் வாரிய மாடி வரை: சேலத்தில் குறைந்த வாடகை வீடுகளைக் காப்பதும் சரிசெய்வதும்

ஏழைகளுக்கு வீடு என்றதும் பேச்சு உடனே புது அடுக்குமாடிக்குப் போய்விடுகிறது. ஊருக்கு வெளியே ஒரு இடம், வரிசையாகக் கட்டடங்கள், சாவி வழங்கும் விழா. ஆனால் சேலத்தில் கொத்தனார், சித்தாள், மூட்டை தூக்குகிறவர், தறிக்காரர், கொலுசுப் பட்டறையில் கூலிக்கு உட்கார்கிறவர் எல்லாம் இன்றைக்குக் குடியிருப்பது கிச்சிப்பாளையம், குகை, அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி பக்கத்துப் பழைய லைன் வீடுகளில் (ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் ஒண்டுக்குடித்தனங்கள்), வில்லை ஓடு போட்ட வீடுகளில், அட்டைக் கூரை வீடுகளில், குடிசை மாற்று வாரியம் எப்போதோ கட்டிய மாடிகளில்தான். இதில் ஒரு லைனை இடித்துவிட்டு அங்கே ஷோரூம் வந்தால் எட்டுப் பத்துக் குடும்பத்துக்கான வாடகை வீடு போனது போனதுதான். அதே வாடகைக்கு வேறொன்றை யாரும் கட்டித்தரப் போவதில்லை. புதிதாகக் கட்டுவது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இருப்பதைக் கைவிட்டுவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருந்தால் கணக்கு எப்போதும் நேராகாது.

வார்டு உறுப்பினர், ஏரியா சபை ஆட்கள், குடியிருப்போர் சங்கம், நான்கைந்து வீடு வாடகைக்கு விடும் சிறு உரிமையாளர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். வேலையின் வரிசை முக்கியம்: முதலில் நிலத்தின் காகிதம், அடுத்து வாடகை ஒப்பந்தம், அதற்குப் பிறகுதான் சிமென்ட். இதை மாற்றிச் செய்தால் ரிப்பேர் முடிந்த மறுமாதமே வாடகை ஏறும், பழைய குடும்பம் வெளியேறும், நல்ல வீட்டில் வேறு ஆள் இருப்பார்.

நிலம் யாருடையது என்று பிரித்துப் போடுங்கள்

ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண், குடும்பங்களின் எண்ணிக்கை, சொந்தமா வாடகையா போக்கியமா, வாடகை எவ்வளவு, கூரை எது, கழிப்பறை தனியா பொதுவா, தண்ணீர் எங்கிருந்து, மீட்டர் யார் பெயரில் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தெருவை முடித்துவிடலாம். பிறகு நகர நில அளவைப் பதிவேட்டு நகல் எடுத்து, ஒவ்வொரு கதவு எண்ணுக்கும் எதிரே நில வகையை எழுதுங்கள். மீதி வேலை எல்லாம் இந்த நில வகையைப் பொறுத்துத்தான் நடக்கும்.

பட்டா நிலம் என்றால் கவலை குறைவு. ஆனால் பட்டா இறந்துபோன அப்பா பெயரிலேயே கிடக்கும். வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றாமல் எந்த மானியமும் நகராது. நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்றால் நத்தம் பட்டா இருக்கிறதா, இல்லை அனுபவம் மட்டும்தானா என்று பாருங்கள். ஆட்சேபணை இல்லாத புறம்போக்கு என்றால் வரன்முறைப்படுத்திப் பட்டா கேட்க வழி உண்டு. மாநகராட்சி எல்லையிலும் அதைச் சுற்றிய பெல்ட் ஏரியாவிலும் இதற்குப் பல பத்தாண்டுகளாகத் தடை இருந்தது. 2025 பிப்ரவரியில் அமைச்சரவை அதைத் தளர்த்தியது. முன்பு மனு கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பழைய மனு எண்ணோடு மறுபடி கொடுக்கட்டும்.

ஓடை, ஏரி, வாய்க்கால் புறம்போக்கு என்றால் நேராகச் சொல்லிவிட வேண்டும்: பட்டா வராது. நீதிமன்றம் விடாது. திருமணிமுத்தாற்றங்கரையில் பட்டா வாங்கித் தருகிறேன் என்று பணம் வசூலிக்கிறவரை நம்பி யாரும் கடன் வாங்கி வீட்டைப் பெரிதாக்கக் கூடாது. அங்கே போராட வேண்டியது பக்கத்திலேயே மாற்று வீடு கேட்டுத்தான். கணக்கெடுப்பின்போது ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்திருக்கும் மகன் குடும்பத்தையும் தனிக் குடும்பமாகப் பதிய வைக்க வேண்டும். இது தவறிப்போனால் பின்னால் சரிசெய்ய முடியாது. ஒதுக்கீடு வரும்போது ஒரு வீட்டுக்கு ஒரு சாவிதான் என்பார்கள்.

கோயில் மனை இன்னொரு வகை. அறநிலையத் துறைக்குப் பகுதி (மனை வாடகை) கட்டிய ரசீதுகளைத் தேதி வாரியாகக் கோப்பில் வையுங்கள். இரண்டு மூன்று வருடம் கட்டாமல் விட்டால் குடியிருப்பவர் வாடகைதாரர் என்ற நிலையிலிருந்து ஆக்கிரமிப்பாளர் என்ற நிலைக்குப் போய்விடுவார்.

1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டப்படி முறையாக அறிவிக்கப்பட்ட பகுதியா என்பதையும் விசாரியுங்கள். அறிவிக்கப்பட்டிருந்தால், வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்ய உரிமையாளர் வழக்குப் போடுவதற்கே குறித்த அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. சட்டம் பழையதுதான். நம் ஆட்கள் அதைப் பயன்படுத்துவது மிகக் குறைவு.

சேகரித்த பட்டியலை ஏரியா சபையில் வைத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். தனித்தனி மனுவாகப் போனால் பத்து மேஜை சுற்றும். தீர்மானமாகப் போனால் வார்டு குழு பதில் எழுதியாக வேண்டும்.

ரிப்பேருக்கு முன்னால் வாடகையை எழுதுங்கள்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். குடியிருப்புக்கு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வாடகையை உயர்த்த மூன்று மாதம் முன்னதாக எழுத்து மூலம் சொல்ல வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி ஆளை விரட்டக் கூடாது. சுவர், கூரை, குழாய், வயரிங் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்சு மாதிரியான சில்லறை வேலை குடியிருப்பவர் பொறுப்பு.

இதில் பலர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. உரிமையாளர் செலவு செய்து வீட்டை மேம்படுத்தி அதற்காக வாடகை கூட்டுவதாக இருந்தால், எவ்வளவு கூட்டுவது என்பதை வேலை தொடங்குவதற்கு முன்பே இருவரும் பேசி எழுத வேண்டும். சாதாரண ரிப்பேருக்கு இது பொருந்தாது, மேம்பாட்டுக்குத்தான். லைன் வீடுகளைக் காப்பதற்கு நம் கையில் இருக்கும் சிறந்த கருவி இதுதான். மாநகராட்சியோ ஒரு சங்கமோ நன்கொடையாளரோ கழிப்பறை கட்ட உதவும்போது, ‘இந்த வேலைக்காக ஐந்து வருடத்துக்குள் இவ்வளவுக்கு மேல் வாடகை கூட்டுவதில்லை, இப்போதிருக்கும் குடும்பங்கள் தொடரும்’ என்று ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்த பிறகுதான் முதல் செங்கல் இறங்க வேண்டும். கையெழுத்துப் போடத் தயங்கும் உரிமையாளருக்கு அந்த உதவி போகக் கூடாது. கடுமையாகத் தெரியலாம். ஆனால் பொதுப்பணத்தில் டைல்ஸ் ஒட்டி வாடகையை இரட்டிப்பாக்கிக் கொள்வதற்கு நாம் உதவிய மாதிரி ஆகிவிடக் கூடாது.

போக்கியத்துக்கு இருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வைத்திருப்பார்கள். அது வில்லங்கச் சான்றில் வராது. வீடு கிரயமானால் புது உரிமையாளர் ‘எனக்குத் தெரியாது’ என்பார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிந்தால் செலவு உண்டு, ஆனால் போட்ட பணத்துக்கு வேறு காவல் கிடையாது.

மின்சாரத்திலும் இதே கதைதான். பத்துப் போர்ஷனுக்கு ஒரே சர்வீஸ், உள்ளே சப் மீட்டர், யூனிட்டுக்கு உரிமையாளர் சொன்ன விலை. தனி அடுப்பு, தனி வாசல் உள்ள ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது அப்போதுதான் குடும்பத்துக்கு வந்து சேரும். இணைப்பு மாற்றும்போதே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்சு) போட்டுவிடுங்கள். தகரச் சுவரும் ஈரத்தரையும் இருக்கும் இடத்தில் அது உயிர் காக்கும்.

கூரை

வில்லை ஓட்டை எடுத்துவிட்டு அட்டை போடாதீர்கள். ஓடு மாற்ற ஆள் கிடைக்கவில்லை, அட்டை ஒரே நாளில் முடிந்துவிடும் என்பது உரிமையாளர் சொல்லும் காரணம். சித்திரை வெயிலில் அட்டைக்குக் கீழே குழந்தையைப் படுக்க வைக்க முடியாது, ஃபேன் சுடுகாற்றைத்தான் சுற்றிவிடும்.

ஓட்டுக் கூரை ஒழுகுவது பெரும்பாலும் ஓட்டால் அல்ல. முகட்டு ஓட்டுக்கு வைத்த கலவை வெடித்திருக்கும், அல்லது ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) உளுத்துத் தொய்ந்து ஓட்டின் பிடி விட்டிருக்கும். 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 140 ஓடு கணக்கு, உடைசலுக்குப் பத்து சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஓட்டைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் வைத்துக்கொள்ளலாம், சத்தம் செத்திருந்தால் தள்ளிவிடுங்கள். ரீப்பர் இடைவெளியைக் கையிலிருக்கும் ஓட்டை வைத்து அளந்தே அடிக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அரை அங்குலம் மாறும். அறைக்கு ஒரு கண்ணாடி ஓடு வைத்தால் பகலில் விளக்கு வேண்டாம்.

அட்டை ஏற்கெனவே இருந்தால், பழைய அட்டை ஆஸ்பெஸ்டாஸ் என்பதை மறக்கக் கூடாது. உலர வைத்து அறுப்பது, துளைப்பது, உடைத்து அள்ளுவது கூடாது. நனைத்துவிட்டு முழு அட்டையாகக் கழற்றி இறக்குங்கள். கொக்கி போல்ட் துளை எப்போதும் அட்டையின் மேட்டில்தான் வர வேண்டும். பள்ளத்தில் துளைத்துவிட்டு மேலே தார் பூசுவதுதான் பாதி ஒழுகலுக்குக் காரணம். அட்டைக்கு அட்டை நீளவாக்கில் 6 அங்குலம் ஏறியிருக்கட்டும். மேலே வெள்ளை அடித்தால் உள்ளே சூடு குறைவது கை வைத்தாலே தெரியும். ஆனால் புழுதி படிந்தால் பலன் போய்விடும், வருடா வருடம் பங்குனியில் அடிக்க வேண்டும்.

வாரிய மாடியில் காரை ஏன் விழுகிறது

பழைய அடுக்குமாடிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசியாக வேண்டும். ஒரே கட்டடத்தில் பல குடும்பம், ஆனால் பராமரிப்புக்கு ஆள் இல்லை. காரை விழுந்ததும் வருவது பூச்சு வேலை. பூசி ஒரு மழைக்காலம் தாங்கும், பிறகு இன்னும் பெரிய பாளமாக விழும். காரணம் கீழே பார்க்கிற கூரையில் இல்லை, மேல் வீட்டுக் கழிப்பறையில் இருக்கிறது.

கழிப்பறைத் தரைக்குக் கீழே தளத்தைத் தாழ்த்தி, குழாய் ஓட்டி, உடைசல் செங்கல்லும் மண்ணும் போட்டு நிரப்பி மேலே தரை போட்டிருப்பார்கள். நஹானி ட்ராப்புக்கும் (தரைத் தண்ணீர் இறங்கும் வாய்) குழாய்க்கும் இடையிலான இணைப்பில் விரிசல் வந்தால் தண்ணீர் அந்த நிரப்பலில் தங்கி ஊறிக்கொண்டே இருக்கும். அடியில் இருக்கும் கம்பிக்கு அந்த ஈரம் எட்டும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்த கம்பி கீழே இருக்கும் கான்கிரீட்டை உதைத்துத் தள்ளும். சோதிப்பது எளிது: ட்ராப் வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விடுங்கள். கீழ் வீட்டில் ஈரம் பரவினால் தரை வழியே இறங்குகிறது. பரவாமல், தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகு மட்டும் சொட்டினால் குழாயில் கோளாறு. இதைப் பார்க்காமல் மொத்தத் தரையையும் உடைப்பது வீண் செலவு.

தரைதான் என்றால், நிரப்பலை முழுக்க அள்ளி வெளியே போடுங்கள். பாதி அள்ளினால் வேலையே செய்யாத மாதிரிதான். தளத்தைக் கழுவி, மூலைகளில் இரண்டு அங்குலத்துக்குக் கலவையால் வளைவு கொடுத்து, பாலிமர் சிமென்ட் பூச்சு இரண்டு கோட், சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்றி அடியுங்கள். தாழ்ந்த தளத்தின் அடிமட்டத்தில் ஒரு அங்குலக் குழாய் ஒன்றை வெளிச்சுவர் வழியே நீட்டிவிடுங்கள். பின்னால் எப்போதாவது கசிந்தால் அந்தக் குழாயில் சொட்டும், கீழ் வீட்டுக் கூரைக்குப் போகாது. மறுபடி இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் நிரப்ப வேண்டும். மேஸ்திரி அவசரப்படுவார், விடாதீர்கள்.

மேலே கசிவு நின்ற பிறகு கீழ் வீட்டுக் கூரைக்கு வாருங்கள். தட்டினால் பொக்கென்று கேட்கும் காரை எல்லாவற்றையும் உதிர்த்துவிடுங்கள். கம்பியின் பின்புறமும் விரல் நுழையும் அளவுக்குத் தோண்டி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, மீதி இருக்கும் விட்டத்தை அளக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் கம்பி 7 ஆகத் தேய்ந்திருந்தாலே ஏறத்தாழக் கால்வாசிப் பலம் போய்விட்டது. அங்கே புதுக்கம்பி சேர்க்க வேண்டும், பழைய கம்பியோடு இரண்டு பக்கமும் 16 அங்குலம் ஒட்டி ஓட வேண்டும். துருத்தடுப்பு பூசி, அதன் மேல் பாலிமர் கலவை: ஒரு லிட்டர் பாலிமருக்கு 5 கிலோ சிமென்ட், 15 கிலோ சலித்த மணல். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் ஏற்றினால் கனத்திலேயே கழன்று விழும். ஏழு நாள் நனைத்த சாக்கோ ஸ்ப்ரேயோ வேண்டும்.

வெளிச்சுவரில் குழாய் ஓரம் முளைத்திருக்கும் அரசமரக் கன்றைப் பாருங்கள். அது இருக்கும் இடத்தில் குழாய் இணைப்பு கசிகிறது என்று அர்த்தம். கிள்ளிவிட்டால் மறுபடி தழையும், வேர் சுவருக்குள் விரல் கனத்துக்கு ஓடியிருக்கும். இணைப்பை மாற்றி, கன்றை வேரோடு தோண்டி எடுத்து, ஓட்டையைக் கலவையால் இறுக்கி அடையுங்கள். மொட்டை மாடியில் 10 அடிக்கு இரண்டு அங்குலம் சாய்வும், 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குல மழைநீர்க் குழாயும் இருந்தால் போதும். இருக்கிற குழாயின் வாய் பிளாஸ்டிக் பையால் அடைபட்டிருப்பதுதான் வழக்கம்.

தூணிலும் பீமிலும் கம்பி வெளியே தெரிந்தால் பூச்சு வேலைக்கே போகாதீர்கள். முதலில் கட்டடத்தைச் சோதிக்க வேண்டும். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி மாதிரியான இடத்துச் சிவில் துறையின் அறிக்கை கையில் இருந்தால் ‘இடிக்க வேண்டும்’, ‘வேண்டாம்’ என்ற சண்டை பாதி அடங்கும். இடித்துக் கட்டுவது என்று முடிவானால், வெளியேறுவதற்கு முன் குடும்ப வாரியான பட்டியல், பழைய ஒதுக்கீட்டு ஆணை எண், மறு ஒதுக்கீட்டு உறுதி மூன்றும் எழுத்தில் வேண்டும். இடைக்கால வாடகைக்கு வாரியம் கருணைத் தொகை தருகிறது, அதை வாங்கிய ரசீதும் பின்னால் உரிமைக்கு ஒரு சாட்சி.

பராமரிப்புக்குச் சங்கத்தை 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்து, ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில் சேருங்கள். சந்தாவை வசூல் செய்வது கஷ்டம்தான். முதல் மாதத்திலேயே கண்ணுக்குத் தெரியும் ஒரு வேலையை, உதாரணமாக மாடிப்படி விளக்கையோ மோட்டாரையோ, செய்து காட்டிய சங்கங்களில் வசூல் நிற்காமல் வருகிறது.

கழிப்பறை, தண்ணீர், தெரு மட்டம்

லைன் வீட்டில் மூன்று குடும்பத்துக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும், அதுவும் அந்த மூன்று குடும்பத்திடம் மட்டும் சாவி இருக்க வேண்டும். பத்துக் குடும்பத்துக்கும் பொதுவானதை யாரும் கழுவ மாட்டார்கள். பாதாள சாக்கடை தெருவுக்கு வந்திருந்தால் இணைப்பு வாங்குங்கள். வராத தெருவில் செப்டிக் டேங்க்தான். 20 பேருக்கு உள்ளளவு 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 1.3 மீட்டர், வருடத்துக்கு ஒரு தடவை சுத்தம். அடியைப் பூசாமல் விட்டால் ‘நிரம்பவே இல்லை’ என்று பெருமைப்படலாம், பக்கத்து போர்வெல்தான் நாறும். டேங்குக்குள் ஆள் இறங்கக் கூடாது, 2013 சட்டப்படி குற்றம். 14420 எண்ணுக்குக் கூப்பிட்டால் லாரி வரும். லாரிக் குழாய் எட்டும் இடத்தில் மூடி இருக்கிறதா என்பதைக் கட்டும்போதே பார்த்துவிட வேண்டும்.

மேட்டூர்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறதோ அதை வைத்துத் தொட்டியைக் கணக்கிடுங்கள். 40 பேர், ஆளுக்கு 70 லிட்டர், மூன்று நாளுக்கு ஒரு முறை என்றால் 8,400 லிட்டர். 10 அடி, 6 அடி, ஐந்தரை அடி ஆழத் தொட்டி சரியாக இருக்கும். செப்டிக் டேங்குக்கும் தொட்டிக்கும் இடையில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு விடுங்கள்.

அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டைப் பக்கம் தறி வீடுகளுக்கு இன்னொரு தொல்லை. குழித்தறிக்காரர் கால் வைக்கும் குழி இரண்டரை அடி ஆழம். தெருவில் ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டு வாசல் பள்ளமாகி, மழை வந்தால் தண்ணீர் நேராகக் குழிக்குள் இறங்கும். பாவு நனையும், ஒரு வாரக் கூலி போகும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021லேயே அரசு உத்தரவு இருக்கிறது. ஜல்லி கொட்டும் முன்பே தெருக்காரர்கள் வாசல்படியிலிருந்து ரோட்டு மட்டத்தை அளந்து போட்டோ எடுத்து உதவிப் பொறியாளரிடம் கொடுத்துவிடுங்கள். ரோடு போட்ட பிறகு பேசிப் பயனில்லை. குழியின் சுவரை நாலரை அங்குலச் செங்கல் வைத்து நீர்க்காப்புக் கலவையால் பூசுங்கள்.

தறிக்காரரை மாடி வீட்டுக்கு மாற்றுவது அவர் தொழிலைப் பிடுங்குவது. மாடியில் குழி தோண்ட முடியாது. மாற்று வீடு பேசும்போது தரைத்தளம், அல்லது தறிக்கூடம் தனியாக என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் பெறுகிறவர் புது முகவரிக்கு அதை மாற்றி வாங்கவும் மறக்கக் கூடாது.

சொந்த மனையில் மானியத்தோடு கட்டுகிறவருக்கு

பிரதமர் வீட்டுவசதித் திட்டம் நகரத்தில் 2015 ஜூனில் தொடங்கியது, இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில். முதல் கட்டத்தில் சொந்த மனையில் தானே கட்டுகிறவருக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநில அரசு 60 ஆயிரம், மொத்தம் 2 லட்சத்து 10 ஆயிரம் கிடைத்தது. இரண்டாம் கட்டத்திலும் மத்தியப் பங்கு ஒன்றரை லட்சம்தான். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பணம் பேஸ்மட்டம், லிண்டல், கூரை, முடிவு என்று நிலை நிலையாக, போட்டோ எடுத்த பிறகு வரும்.

பெரும்பாலான வீடுகள் நின்றுபோவது லிண்டலுக்கும் தார்சுக்கும் (கான்கிரீட் கூரைக்கும்) நடுவில். காரணம் கணக்கிலேயே தெரிகிறது. உள்ளளவு 30 சதுர மீட்டர் (ஏறத்தாழ 320 சதுர அடி) வீட்டுக்குச் சுவரோடு சேர்த்துக் கூரை 400 சதுர அடி வரும். நாலரை அங்குலக் கனத்தில் 150 கன அடி கான்கிரீட். அதற்கு ஏறத்தாழ 35 மூட்டை சிமென்ட், 350 கிலோ கம்பி, சென்ட்ரிங் வாடகை, கலவை மிஷின், பத்துப் பன்னிரண்டு ஆள் கூலி, அத்தனையும் ஒரே வாரத்தில். கூரைக்கான தவணையோ கூரை போட்ட பிறகுதான் வரும். ஆகவே அஸ்திவாரம் தோண்டும் முன்பே தார்சுக்கான பணத்தைச் சுயஉதவிக் குழுக் கடனாகவோ சீட்டாகவோ ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். ‘கட்டுவதுதான் கட்டுகிறோம், 600 அடியாகக் கட்டிவிடலாம்’ என்று மாமனோ மச்சானோ சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 320 அடியை முடித்துக் குடிபோங்கள், மாடிப்படியை வெளியே வையுங்கள். பின்னால் மேலே ஒரு போர்ஷன் எடுத்தால் வாடகையும் வரும், ஊருக்கு ஒரு சின்ன வாடகை வீடும் கூடும்.

அனுமதி முன்பு போல் தடையில்லை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை சுயசான்றில் இணையத்திலேயே உடனடியாகக் கிடைக்கிறது. தடை இப்போது பட்டாவில்தான். அதனால்தான் முதலில் காகிதம் என்றோம்.

புது மனைப்பிரிவுகளிலும் ஒரு கண் வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் ரோடு போக மீதியில் பத்து சதவீதம் நலிந்த பிரிவினருக்கான சிறு மனையாக விட வேண்டும். அங்கீகரித்த வரைபடத்தின் நகலை வாங்கி, அந்த மனைகள் எவை, யார் பெயரில் பதிவானது என்று பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு சிறு மனையை ஒரே ஆள் வாங்கி ஒன்றாக்கினால் விதி காகிதத்தோடு நின்றுவிட்டது என்று பொருள்.

ஏற்காட்டில்

மலையில் கணக்கே வேறு. காபி எஸ்டேட் லைன் வீடுகளுக்கு 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டுப் பொறுப்பை முதலாளி மேல் வைத்தது. வேலையில் இருக்கும்வரைதான் வீடு என்பதால் ரிட்டயர் ஆனவர் போக்கிடம் தேட வேண்டியிருக்கிறது, டவுனிலோ காலி அறை எல்லாம் ஹோம்ஸ்டே ஆகிறது. ஓய்வுக்கு ஐந்து வருடம் முன்பே கிராமத்தில் மனைப் பட்டாவுக்கு மனு போடுவதுதான் வழி. பட்டா கிடைத்துவிட்டால், ஊராட்சிப் பகுதியில் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் மூன்றரை லட்சம் உண்டு, வீடு 360 சதுர அடி. ஏற்காடு மலையிடப் பாதுகாப்புப் பகுதி என்பதால் சரிவை வெட்டும் முன் அனுமதி விஷயத்தை ஒன்றிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2024 டிசம்பர் ஆரம்பத்தில் பெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதை சரிந்ததைப் பார்த்தவர்கள், வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண் சுவரை அப்படியே விட மாட்டார்கள். கருங்கல் தடுப்புச் சுவர் எழுப்பினால் அடி அகலம் உயரத்தில் பாதியாவது இருக்கட்டும். அஞ்சடிக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாய் விட்டு, சுவருக்குப் பின்னால் ஒரு அடி கனத்துக்கு ஜல்லி நிரப்புங்கள். சுவரைத் தள்ளுவது மண்ணின் கனத்தைவிட அதில் தேங்கிய தண்ணீர்தான். மழைக்காலத்துக்கு முன் அந்தக் குழாய்களில் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள், பாதிக்கு மேல் மண் அடைத்திருக்கும். கூரைத் தண்ணீரைச் சுவருக்குப் பின்னால் விடாமல் குழாய் வழியே சரிவின் கீழே கொண்டுபோய் விடுங்கள்.